ஏழாம் விதி

ஆறாம் விதி வரைக்கும் சந்தனமாரிக்குப் பேனா தடங்கலில்லாமல் ஓடிவிட்டது. ஆட்டத்துக்கு ஐந்து இன்னிங்ஸ், அணிக்குப் பத்துப் பேர், பந்தை இடுப்புக்குக் கீழிருந்துதான் வீச வேண்டும், சறுக்கி விழுந்து பேஸைத் தொடக் கூடாது, அடித்த பிறகு பேட்டை விட்டெறிந்தால் அவுட், நடுவரிடம் அணித் தலைவர் மட்டுமே பேசலாம். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு ஜனவரியிலும் துறைகளுக்கு இடையே நடக்கும் சாஃப்ட்பால் போட்டிக்கு அவள் எழுதிக்கொடுக்கிற விதிகள்தான். யோசிக்கவே வேண்டாம், வீட்டுக்குப் போகிற வழி மாதிரி கை தானாகப் போகும். இந்த வருஷம் ஏழு என்று எண்ணைப் போட்டுப் பக்கத்தில் புள்ளியும் வைத்த பிறகு கை நின்றுவிட்டது. விளையாட்டுத் துறை அறையின் தகரக் கூரை வெயிலேறி டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வெளியே வராந்தாவில் துறை உதவியாளர் பேச்சியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து, கிழிந்த வாலிபால் வலைக்கு நைலான் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் கயிறு இழுபடுகிற சத்தம் சர்ரென்று வந்தது. மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்குள் முதல்வர் மேஜைக்குப் போயாக வேண்டும். வியாழக்கிழமை முதல் ஆட்டம். ஏழு, புள்ளி. பேட் பிடிப்பவருக்குப் பின்னால் கேட்சராக நிற்பவர் ஆட்டம் முடியும்வரை கம்பி முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான், போன வருஷம் இருந்ததும் அதுதான், எழுதிவிட்டு எட்டுக்குப் போய்விடலாம். ஆனால் முதல்வர் அதற்குக் கீழே இன்னொரு வரி கேட்டிருந்தார். சின்னச் சீட்டில் அவரே எழுதிக் கொடுத்திருந்தார். 'இவ்விதியை மீறும் மாணவர், தமக்கு நேரும் காயத்துக்குத் தாமே பொறுப்பு.' அழகான கையெழுத்து. மீறும் என்பதில் றகரத்தை நன்றாகச் சுழித்திருந்தார். மீறும். மீறுகிற. மீறிய. அவளுக்கு அந்தச் சொல்லைப் பார்க்கப் பார்க்க அது சொல்லாகவே இல்லாமல் போய், கம்பி வளைந்த மாதிரி ஏதோ ஒன்றாகத் தெரிந்தது.

போன வருஷப் போட்டியில் அந்தக் கம்பி மாஸ்க் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் எலாஸ்டிக் பட்டை தளர்ந்துபோயிருந்ததை அன்று காலையிலேயே பார்த்தாள். பார்த்தது மட்டுமில்லை, தளர்ந்த இடத்தைச் சுருட்டி ஒரு முடிச்சும் போட்டாள். இன்று ஒரு நாள் தாங்கும் என்று நினைத்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அந்த முடிச்சு எத்தனையோ நாள் தூங்கி விழிக்கும்போது விரலில் வந்து நிற்கும். ஆள்காட்டி விரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவே, எலாஸ்டிக்கின் நமைச்சலோடு. கடைசி இன்னிங்ஸில் அது அறுந்தது. மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். ஐந்துக்குக் கல்லூரிப் பேருந்துகள் கிளம்பிவிடும். மேடையில் பரிசு கொடுக்க வந்தவர் நான்கு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். முதல்வர் வாட்சைப் பார்த்துவிட்டு அவளைப் பார்க்கிறார், மறுபடி வாட்சைப் பார்க்கிறார். வேதியியல் அணிக்குக் கேட்சராக நின்ற பெண் அறுந்த பட்டையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டாம் வருஷம், சுகிர்தா என்று பெயர். "மேடம், அறுந்துருச்சு. என்ன செய்ய?" அப்போது சந்தனமாரி கையை அசைத்தாள். ஈ ஓட்டுகிற மாதிரி. அவ்வளவு சின்ன அசைவு. "பரவால்ல, ரெண்டு பந்துதான் பாக்கி. ஆடும்மா." அந்தப் பெண் ஒரு நிமிஷம் தயங்கினாள். உண்மையில் ஒரு நிமிஷம் இருக்காது, ஒரு மூச்சு. பிறகு மாஸ்க்கைக் கோட்டுக்கு வெளியே கவனமாக வைத்துவிட்டு, குப்புறக் கவிழ்த்தா நிமிர்த்தியா, நிமிர்த்தித்தான் வைத்தாள், வந்து உட்கார்ந்தாள். நடுவர் கேட்சருக்கு நேர் பின்னால் நிற்க வேண்டும். நடுவராக இருந்த சந்தனமாரி ஓர் எட்டு இடதுபக்கம் ஒதுங்கித்தான் நின்றாள். அவளுக்கு மாஸ்க் இல்லை அல்லவா. பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் உடம்புக்குத் தெரியும். அவளுக்கு ஒதுங்கத் தெரிந்திருந்தது.

இதைத்தான் அவளால் தாண்ட முடிவதில்லை. கையை அசைத்ததைக்கூட அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம், எத்தனை பேர் எத்தனை அவசரத்தில் என்னென்னவோ செய்கிறார்கள். ஒதுங்கியதை என்ன சொல்ல? ஒதுங்கியபோது மனசில் என்ன இருந்தது என்று தோண்டிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. காலி. கால்தான் நகர்ந்தது. அந்தக் காலுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாமலா போயிற்று? வணிகவியல் பெண் பேட்டைச் சுழற்றினாள். டிக். பந்தின் ஓரத்தில் பேட் உரசுகிற சத்தம். நேராக வந்த பந்து அந்த உரசலில் கொஞ்சம், ஒரு விரற்கடை, பாதை மாறியது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. சுகிர்தா அப்படியே முழங்காலிட்டுத் தரையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்தாள். பந்தைத் தேடுகிறாள் என்றுதான் சந்தனமாரி நினைத்தாள். நினைத்தபடியே ஃபவுல் என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். கூட்டத்துக்குத் தெரிய வேண்டுமே. கைகளைத் தூக்கியபடி அவள் நின்ற அந்த நேரத்தில் சுண்ணாம்புக் கோட்டின்மேல் ரத்தம் சொட்டியது. சுண்ணாம்பு ரத்தத்தை உடனே உறிஞ்சியது. யாரோ கத்தினார்கள். அவள் கையை எப்போது இறக்கினாள் என்று இன்றுவரை நினைவில்லை.

மதுரைக்கு ஆம்புலன்ஸில் அவளும் போனாள். இடது கண்ணுக்குக் கீழ் எலும்பு நொறுங்கியிருந்தது. இரண்டு அறுவை சிகிச்சை நடந்தது. கண் நிற்கிறது, இமைக்கிறது, கலங்குகிறது, பார்ப்பதில்லை. சுகிர்தாவின் அப்பா அழகுராஜ், ராஜபாளையத்துப் பஞ்சாலையில் நூற்புப் பிரிவு மேஸ்திரி, தலைமுடியில் பஞ்சுத் தும்போடு அப்படியே வந்திருந்தார். "எங்க விதி டீச்சர்" என்றார். அந்தச் சொல்லை அவர் அப்படிச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். எதற்குத் தலையை ஆட்டினாள்? விதி என்றால் அவளுக்குத் தட்டச்சு செய்து நோட்டீஸ் போர்டில் குத்துகிற தாள். அவருக்கு வேறு. இரண்டுக்கும் நடுவில் அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் விசாரணைக் குழு வந்தது. பொருளியல் துறை ஞானதுரை சார்தான் கேள்வி கேட்டார். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். "அந்தப் புள்ள மாஸ்க் போட்டிருந்தாளா மேடம்?" இல்ல சார். "போடணும்னு ரூல் இருக்கா?" இருக்கு சார், ஏழாவது. "எழுத்துல குடுத்திருக்கோமா?" குடுத்திருக்கோம் சார். "அப்ப அவளே கழட்டி வச்சிருக்கா." கடைசியாக வந்தது கேள்வி இல்லை. கேள்வியாக இருந்திருந்தால் அவள் ஒருவேளை பதில் சொல்லியிருப்பாள் என்று பல நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் எழுதிக்கொண்டே சொன்னார், அவள் அவருடைய பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று அவள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கடையில் மிச்சச் சில்லறையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால்கூடத் திரும்பிப் போய்க் கொடுக்கிறவள் அவள். வாயைத் திறந்து பொய் என்று ஒன்றைச் சொன்னதாக நினைவே இல்லை. சொல்லாமல் இருந்தே ஒரு முழுப் பொய்யைக் கட்டிவிட முடியும் என்று நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அந்தக் கை அசைவைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். பேட் பிடித்திருந்த வணிகவியல் பெண் படிப்பு முடிந்து போய்விட்டாள். தீபாவளிக்கு 'மேடம் நல்லாருக்கீங்களா' என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அந்த இரண்டு சொல்லை சந்தனமாரி எத்தனை தடவை படித்தாளோ. நல்லாருக்கீங்களா என்பதில் ஏதாவது இருக்கிறதா? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் பயமாக இருந்தது. இன்னொருத்தி சுகிர்தா. அவளுக்கு அடிபட்டதில் அன்று மத்தியானத்துக்கு மேல் நடந்த எதுவுமே நினைவில்லை என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபோது உடம்பில் ஓடிய அந்த இதம், மூத்திரம் போய் வந்த மாதிரி ஒரு இதம், அதை நினைத்தால் இப்போதும் சந்தனமாரிக்குக் காது மடல் சுடும்.

எட்டாம் விதியை முதலில் எழுதிவிட்டு ஏழுக்கு வரலாம் என்று பார்த்தாள். மழை வந்தால் மூன்று இன்னிங்ஸ் முடிந்திருந்தால் முடிவு செல்லும். ஒன்பதாம் விதி, பத்து ரன் வித்தியாசம் வந்தால் ஆட்டத்தை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தோற்கிறவர்களுக்குக் காட்டுகிற இரக்கம் அது. அவளே சேர்த்தது. சிறுசுகள் பொழுதுபோக்காக ஆடுகிற ஆட்டம், யாரும் அழுதுகொண்டு போகக் கூடாது என்று. எவ்வளவு நல்லெண்ணம். பேனாவை மூடினாள், திறந்தாள். புது மாஸ்க் ஆறு வந்து அலமாரியில் பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது. திறந்தால் ரப்பர் வாசனை முகத்தில் அடிக்கும். அதனால் அவள் திறப்பதில்லை. முதல்வருடைய வரியை எழுதினால் என்ன? வருங்காலத்துக்குத்தானே எழுதுகிறோம், போனதற்கு இல்லையே. இல்லை, போனதற்கும்தான். 'மீறும் மாணவர்' என்று எழுதுகிறபோது அதில் முகம் இருக்கிறது. மீறியவர் யார்? விதியை எழுதிய கைதான் அதே விதியை ஈ ஓட்டுகிற மாதிரி ஓட்டியது. நடுவர் சொன்னால் மாணவி என்ன செய்வாள்? நடுவரின் முடிவே இறுதியானது. அது பதினொன்றாம் விதி.

"மேடம், உள்ள வரலாமா?"

பேச்சியம்மாளின் கயிற்றுச் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. வாசலில் சுகிர்தா நின்றாள். இடது பக்கம் கதவு நிலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கழுத்தை முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். ஒரு பருவம் முழுக்க வராமல் இருந்து, போன மாதம்தான் மறுபடி சேர்ந்தாள் என்பது சந்தனமாரிக்குத் தெரியும். எந்த மணிக்கு எந்த வகுப்பு என்றுகூடத் தெரியும், அந்தப் பக்கம் போகாமல் இருப்பதற்காகத் தெரிந்து வைத்திருந்தாள். வா, உட்காரு என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. குரலுக்கு என்ன தெரியும். சுகிர்தா கையில் ஒரு படிவம். வருகைப் பதிவு குறைந்ததற்கு விலக்குக் கேட்கிற படிவம், காயம் மைதானத்தில்தான் பட்டது என்று விளையாட்டுத் துறைக் கையெழுத்து வேண்டும். "இங்க போடணும் மேடம்." விரலை வைத்துக் காட்டினாள். விரல் கோட்டுக்கு ஓர் அங்குலம் முன்னால் இறங்கியது, பிறகு சரியான இடத்துக்கு நகர்ந்தது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது என்று எங்கோ படித்தது சந்தனமாரிக்கு நினைவு வந்தது. கையெழுத்துக் கோட்டுக்கு மேலே, காரணம் என்ற இடத்தில், உருண்டை உருண்டையான எழுத்தில் அந்தப் பெண்ணே எழுதியிருந்தாள். 'பாதுகாப்பு விதியை நான் மீறியதால் ஏற்பட்ட காயம்.' மீறியதால். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதியிருந்தாள். நான் என்பதை அவளாகச் சேர்த்திருக்கிறாள், ஞானதுரை சாரின் அறிக்கையில் அந்தச் சொல் கிடையாது. போட்டுவிடு, போட்டு அனுப்பிவிடு, இரண்டு நொடி வேலை என்று ஒரு குரல். பேனாவின் மூடி திறந்துதான் இருந்தது. 'ச' வரைக்கும் எழுதிவிட்டாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். நான் எதுக்கு மேடம் மாஸ்க்க கழட்டினேன்?"

சந்தனமாரி நிமிரவில்லை. 'ச' தாளில் ஈரமாக நின்றது. "நீங்க பக்கத்துலயே நின்னீங்கல்ல, அதான்" என்றாள் சுகிர்தா. சந்தனமாரி சொன்னாள், வாய்தான் சொன்னது, "வேத்திருக்கும்மா. வெயிலு." இதோ, வந்துவிட்டது. ஒரு வருஷமாக வாய் திறந்து சொல்லாதிருந்த பொய். இவ்வளவு லேசாகவா இருக்கும், ஒரு ஏப்பம் மாதிரி? சுகிர்தா தலையை ஆட்டினாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா மேடம், நான் அப்படிச் செய்யற ஆளே கிடையாது. சின்னதுலருந்தே பயந்தாங்கொள்ளி. மிக்ஸியப் போட்டாக்கூட ரெண்டடி தள்ளி நின்னுதான் சுவிட்சப் போடுவேன். ஊரே போயிட்டாலும் சிக்னல் விழுந்தாத்தான் ரோட்டத் தாண்டுவேன். அப்பா கேலி பண்ணுவாரு. இப்ப அப்பா கேலி பண்றதில்ல. சொன்ன பேச்சு கேக்காம கண்ணத் தொலைச்சிட்டு வந்துட்டான்னு அத்தைகிட்ட சொல்றாரு, எனக்குக் கேக்காதுன்னு நெனச்சிக்கிட்டு." அழவில்லை. கணக்கில் ஒரு வரி புரியாத பிள்ளை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "கண்ணு போனதுகூடப் பழகிருச்சு மேடம். ஆனா என்னை எனக்கே தெரியல. அன்னிக்கு அப்படி ஒண்ணைச் செஞ்சிருக்கேன்னா, நாளைக்கு எதச் செய்வேனோன்னு இருக்கு. கேஸ் அடுப்பப் பத்த வைக்க விடுறதில்ல நானே என்னைய. பஸ்ல படிக்கிட்ட நிக்கிறதில்ல. குதிச்சிருவேனோன்னு."

கயிறு சர்ரென்று இழுபட்டது. கூரை டக்கென்றது. சந்தனமாரிக்கு முதலில் தோன்றியது வெட்கங்கெட்ட ஒரு கணக்கு. இவளுக்கு நினைவு வராது, டாக்டரே சொல்லிவிட்டார், இன்னும் ஒன்றரை வருஷம் இருப்பாள், போய்விடுவாள், எனக்கு ஓய்வுக்குப் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. அந்தக் கணக்கு முடிவதற்குள்ளேயே அவள் கண் அந்தப் பெண்ணின் கையில் விழுந்தது. தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டிருந்தாள், இடது கையை வலது கையால், திருடனைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி. கண்ணை எடுத்தது பந்து. தன்மேல் இவளுக்கு இருந்த இந்த நம்பிக்கையை எடுத்தது பந்து இல்லை. இதை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, பேசாமல் இருந்து, தூங்கி எழுந்து, பல் விளக்கி, ஒரு வருஷம் நாமே உட்கார்ந்து எடுத்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயம் அப்படியேதான் இருந்தது. துணிச்சல் என்று எதுவும் வரவில்லை. துணிச்சல் வந்த பிறகு பேசலாம் என்று இருந்தால் இவளும் போய்விடுவாள்.

"நீ கழட்டலம்மா" என்றாள்.

சுகிர்தாவின் கழுத்து திரும்பியது, நல்ல கண் நேராக வருகிற வரைக்கும்.

"பட்டை அறுந்துபோச்சு. நீ எங்கிட்ட காட்டினே. என்ன செய்யன்னு கேட்டே."

"கேட்டேனா?"

"கேட்டே. நான்தான் பரவால்ல ஆடுன்னேன். நேரமாயிருச்சுன்னு. நீ தயங்கினே. நான் கையக் காட்டினேன்."

இவ்வளவுதான். நாலு வாக்கியம். இதைத் தூக்கிக்கொண்டா ஒரு வருஷம் நடந்தோம் என்று இருந்தது. லேசாகிவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது, ஆகவில்லை. சுகிர்தா திட்டுவாள், அழுவாள், எழுந்து முதல்வர் அறைக்கு ஓடுவாள் என்று சந்தனமாரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் படிவத்தை எடுத்து, தான் எழுதிய வரியைப் படித்தாள். உதடு அசைந்தது. பிறகு மேஜையிலிருந்த பேனாவை எடுத்து 'நான்' என்பதை மட்டும் அடித்தாள். அடித்துவிட்டு, மீதி வரியை என்ன செய்வது என்று தெரியாமல் பேனாவைக் கீழே வைத்தாள். "விசாரணையில கேட்டாங்கல்ல மேடம்?" என்றாள். கேட்டாங்க. "நீங்க சொல்லல." சொல்லலம்மா. "சரி" என்றாள் சுகிர்தா. அந்தச் 'சரி'யில் மன்னிப்பு இல்லை. சந்தனமாரி தேடிப் பார்த்தாள், இல்லை. "எங்கப்பாகிட்ட இதச் சொல்வீங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண், கேட்டுக்கொண்டே தன் கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள். சொல்றேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்றேன், முதல்வர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு வர்றேன் என்று சந்தனமாரி ஆரம்பித்தாள். "இப்ப சொல்லுங்க மேடம்" என்றாள் சுகிர்தா. "ஷிப்ட்லதான் இருப்பாரு. ஆனா எம் போன்னா எடுப்பாரு."

எடுத்தார். கைப்பேசிக்குள்ளிருந்து முதலில் வந்தது ஆலையின் இரைச்சல்தான், ஆயிரம் நூற்புக் கதிர் சுற்றுகிற இரைச்சல். அதற்குள்ளே எங்கோ ஒரு ஆள். "என்ன தாயி?" சந்தனமாரி கைப்பேசியை வாங்கிக் காதில் வைத்தாள். அண்ணே, நான் காலேஜ் பி.டி. டீச்சர் சந்தனமாரி பேசுறேன் என்றாள். பாப்பா நல்லாருக்கா, பயப்படாதீங்க. அன்னைக்கு மாஸ்க்க அவ கழட்டலண்ணே, அது அறுந்துபோச்சு, நான்தான் இல்லாம ஆடச் சொன்னேன். மெல்லிய குரலில், வராந்தாவுக்குக் கேட்காத அளவுக்கு, ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணும் கேக்கல டீச்சர்" என்றார் அழகுராஜ். "மிஷின் ஓடுது. சத்தமாச் சொல்லுங்க."

அவள் மறுபடி சொன்னாள். "கேக்கலங்க, இன்னும் சத்தமா." எழுந்து நின்றாள். மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கிற பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி கத்துகிற குரல் அவளுக்கு உண்டு, இருபத்திரண்டு வருஷத்துக் குரல். அதை எடுத்தாள். "உங்க மக மாஸ்க்க கழட்டலண்ணே. நான்தான் இல்லாம ஆடச் சொன்னேன். எந் தப்பு. விசாரணையில நான் சொல்லாம மறைச்சிட்டேன்." தகரக் கூரையில் பட்டு அது அறை முழுக்க விழுந்தது. வராந்தாவில் கயிற்றுச் சத்தம் நின்றது, மறுபடி தொடங்கவில்லை. எதிரே நூலகத்துப் படியில் நின்ற இரண்டு ஆசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஞானதுரை சார் அதில் ஒருவர். கைப்பேசிக்குள் இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஆள் போய்விட்டாரோ என்று அவள் நினைக்கிற அளவுக்கு ஓடியது.

"இப்பக் கேட்டுச்சு" என்றார் அழகுராஜ். "புள்ளைகிட்ட குடுங்க."

சுகிர்தா கைப்பேசியை வாங்கினாள். அவளுடையது மெல்லிய குரல், இரைச்சலைத் தாண்டிப் போகிற குரல் இல்லை. இருந்தாலும் கத்தினாள், கழுத்து நரம்பு புடைக்க, இடது கண்ணிலும் நீர் வர.

"நான் கழட்டலப்பா."

கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை சொன்னாள்.